பன்னிரண்டு கிழமை

கடைசி மூடையை இறக்கிவிட்டு நிமிரப் பார்த்தேன். முதுகின் அடியில், நாரியில், ஏதோ சுருண்டு பிடித்துக்கொண்டது. பாதி நிமிர்ந்தபடியே கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நின்றுவிட்டேன். அன்றைக்கு நாற்பது மூடை கோதுமை மா, ஒன்பது மூடை சீனி. லொறிக் கிளீனர் மூடையைத் தட்டின் விளிம்புவரை இழுத்துத் தருவான், அவ்வளவுதான். முதுகில் வாங்கி, இருபது அடி நடந்து, மூன்று படி ஏறி, உள்ளே கொண்டுபோய் அடுக்குவது என் பாடு.

சில மாதங்களுக்கு முன்னர் அது இரண்டு பேரின் வேலையாக இருந்தது. சுடலைமுத்து அண்ணன் வருவார். சங்கத்தில் அவருக்குச் சம்பளம் கிடையாது. மூடை வெடித்துக் கொட்டுண்ட மாவைக் கூட்டி அள்ளிக்கொண்டு போவார், அதுதான் கூலி. தரையில் நான் சுமந்து படியடியில் கொடுப்பேன். படியில் அவர் ஏற்றுவார். மூடையோடு படி ஏறுவதுதான் ஆளை முறிக்கிற வேலை என்று சுமந்தவனுக்குத் தெரியும். ஒருநாள் நான் படியில் ஏறப் போனபோது, "அதை விடு தம்பி, ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆவல" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவர் படியில், நான் தரையில்.

வைகாசியில் துணுக்காய்ப் பக்கம் வயல் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். வேலை நீண்டிருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதும் சரியில்லை. நாரி பிடிக்கிற நாட்களில் மட்டும் அவர் நினைவு வரும்.

"என்ன சிவராசா, கிழவன் மாதிரி நிக்கிறீர்?" என்று உள்ளேயிருந்து மனேச்சர் கேட்டார். "கொழுந்துக் கூடை சுமந்த பரம்பரை எண்டு பெருமை கதைப்பீர்."

"கூடை சுமந்தது அம்மா. அவவின்ரை நாரி எனக்கு வரேல்லை."

மனேச்சர் செல்வநாயகம் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. கதிரையை விட்டு எழும்பாத மனிதர். மேசையில் இருந்த தாளை என் பக்கம் தள்ளினார். பெரிய சங்கத்திலிருந்து லொறியோடு வந்த சுற்றுநிருபம்.

எண்பத்தாறாம் ஆண்டு ஆவணி அது. இராணுவம் பாதையைத் திறந்தால் லொறி வரும், பூட்டினால் வராது. வருகிற மாவும் குறைந்துகொண்டே போனது. நெளுக்குளத்துக்கு அப்பால் காடு வெட்டி இருந்த எங்கள் குடியேற்றத்துக்கு இந்த ஒரு கடைதான். எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு மலையிலிருந்து வந்தவர்கள்தான் பெரும்பாலும். குடும்பத்துக்கு ஓர் அட்டை, அட்டைக்குக் கிழமைக்கு இவ்வளவு மா, இவ்வளவு சீனி. வீட்டில் ஓர் அட்டை இருக்கும், அதன் சோடி கடையில் பிஸ்கட் ரின்னுக்குள் இருக்கும். செவ்வாய்க்கிழமை வந்து மா எடுத்தால் இரண்டிலும் ஊதாப் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். அட்டைகள் நானூற்றுப் பன்னிரண்டு. அட்டை இல்லாமல் காத்திருந்த குடும்பங்கள் முப்பத்தெட்டு. எல்லைப் பக்கங்களிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் ஆமிக்குப் பயந்து எழும்பி வந்த சனம் அது.

சுற்றுநிருபம் சொன்னது இதுதான். புதிய அட்டைக்கு மா கிடையாது. நியாயமான காலம் பாவிக்கப்படாமல் இருக்கிற அட்டைகளை நீக்கி, அந்த இலக்கங்களைக் காத்திருப்போருக்குக் கொடுக்கலாம்.

"நியாயமான காலமாம்," என்றார் மனேச்சர். "எத்தனை கிழமை எண்டு எழுதேல்லை பாத்தீரே. எழுதினா அவங்கள் பிழை. எழுதாட்டி நாங்கள் பிழை. நீரே ஒரு கணக்கு வையும்."

நாரியைச் சுவரில் முண்டு கொடுத்துக்கொண்டு அன்று பின்னேரம் முழுவதும் அட்டைகளைப் பார்த்தேன். எட்டுக் கிழமைக்கு மேல் கோடு விழாத அட்டைகள் எழுபத்துநான்கு. பதினாறு கிழமைக்கு மேல் இருபத்துமூன்று. பன்னிரண்டு கிழமைக்கு மேல் நாற்பத்தொன்று.

எட்டு வைத்தால் சண்டை வரும். பதினாறு வைத்தால் காத்திருக்கிறவர்களில் பதினைந்து குடும்பம் வெளியே நிற்கும், அதிலும் சண்டை வரும். பன்னிரண்டு வைத்தால் எல்லோருக்கும் கொடுத்து மூன்று மிஞ்சும்.

"பன்னிரண்டு வைப்பம்," என்றேன்.

"ஏன் பன்னிரண்டு?"

"மூண்டு மாசம். கேட்டா நியாயமாத் தெரியும்."

மனேச்சர் தலையாட்டினார். அந்த எண் வந்தது அப்படித்தான். ஓர் ஆள் எத்தனை நாள் வராவிட்டால் இல்லை என்று அர்த்தம் என்று நாங்கள் யோசிக்கவில்லை. எத்தனை இடம் தேவை என்று பார்த்தோம். அதற்கு ஏற்ற கிழமையைத் தேடி எடுத்தோம்.

நாற்பத்தொன்றில் பாதிக்கு மேல் விசாரிக்கத் தேவையில்லாதவை. இந்தியாவுக்குப் போனவர்கள். கிளிநொச்சிப் பக்கம் மாறியவர்கள். செத்தவர்கள். ஆனால் செத்தவர்கள் எல்லோரும் அந்த அடுக்கில் இல்லை. பொன்னையா செத்து இரண்டு வருடம். அவருடைய அட்டையில் ஒரு கிழமை தவறாமல் கோடு விழுந்திருந்தது, தம்பிக்காரன் எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கும் தெரியும், மனேச்சருக்கும் தெரியும். அட்டை பாவனையில் இருந்ததால் அது எங்கள் கையில் அகப்படவில்லை.

அடுக்கில் இருநூற்றுப் பதினேழாம் இலக்கமும் இருந்தது. குடும்பத் தலைவர் சுடலைமுத்து. மனைவி பேச்சியம்மா. பிள்ளைகள் மூன்று. கடைசிக் கோடு விழுந்து பதினான்கு கிழமை.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் துணுக்காயில் என்றால் அந்த மனுசியாவது வந்து எடுத்திருக்கலாமே என்று யோசித்தேன். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் மா எடுக்க வராமல் இருப்பார்கள்?

அடுத்த நாள் சைக்கிளில் போய் விசாரித்தேன். இருபது வீட்டுக்கு மேல் போனேன். சுடலைமுத்துவின் கொட்டில் கடைசி வரிசை. படலையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். முற்றம் கூட்டியிருந்தது. ஆள் இல்லாத முற்றம் அப்படி இருக்காது என்று கண்டேன். கண்டும் கூப்பிடாமல் பக்கத்து வீட்டு ஆண்டியப்பனிடம் போனேன்.

ஆண்டியப்பனின் அட்டையும் என் அடுக்கில்தான் இருந்தது. பெண்சாதியோடு விறகு வெட்டக் காட்டுக்குள் போய் மூன்று மாதம் நின்றுவிட்டு முதல்நாள்தான் வந்திருந்தான். என்னைக் கண்டதும் விளங்கிக்கொண்டான். கையைப் பிடித்துக்கொண்டு, பெண்சாதி பிள்ளைத்தாய்ச்சி, பேரை வெட்டிவிடாதே என்று கெஞ்சினான். சரி என்றேன். பிறகு பக்கத்து வீட்டைக் காட்டிக் கேட்டேன்.

ஆண்டியப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வேலைக்குப் போயிருக்காங்க," என்றான்.

"அண்ணன் எங்க?"

"அவரும் வேலைக்குத்தான்."

"எப்ப வருவாங்க?"

"வந்துருவாங்க."

திரும்பி வரும்போது சைக்கிள் குலுங்கக் குலுங்க நாரி குத்தியது. பாதி வழியில்தான் எனக்கு அது பிடிபட்டது. அந்த 'வேலைக்குப் போயிருக்காங்க' எனக்குப் பழக்கமான பதில்.

எனக்கு ஒன்பது வயதில் என் அப்பாவைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சண்டைக்காகப் பொலிஸ் கொண்டுபோய் மூன்று கிழமை வைத்திருந்தது. அந்த மூன்று கிழமையும் அம்மா அரிசி போடுகிற இடத்துக்குப் போகவில்லை. போனால் கணக்கப்பிள்ளை உன் ஆள் எங்கே என்று கேட்பார். இல்லை என்று வாயால் சொன்னால் தோட்டத்துப் பேர்ப் பதிவில், செக்ரோலில், பேரை வெட்டுவார். பேர் போனால் லயத்தில் குடியிருக்கிற ஒற்றை அறைக் காம்பராவும் போகும். ஆகவே ஆள் இல்லாத வீடு அரிசிக்குப் போகாது, வெளியே தலை காட்டாது. லயத்தில் யாரைக் கேட்டாலும் வேலைக்குப் போயிருக்காங்க என்பார்கள். கேட்கிறவனுக்கும் பொய் என்று தெரியும். நாங்கள் பலாக்கொட்டை தின்று இருந்தோம். அப்பா வந்தபோது பேர் இருந்தது.

இது எனக்கு நினைவு வந்தது. பிறகு நினைவு வந்தது என்று சொல்லவில்லை, அன்றைக்கே, சைக்கிளில் வைத்தே வந்தது. திரும்பிப் போய்ப் படலையில் நின்று, அக்கா என்று ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். நாரி நொந்தது. இங்கே யார் செக்ரோல் வைத்திருக்கிறார்கள், இது வன்னி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெடலை மிதித்தேன்.

மிஞ்சிய மூன்று இடத்தில் ஒன்று ஆண்டியப்பனுக்கு. இன்னொன்று நிர்வாகசபைக்காரர் ஒருவரின் மகள் விமலேஸ்வரிக்கு. வவுனியா டவுனில் கல்வீட்டில் இருந்தவர், மாவுக்கு வந்ததே இல்லை. அந்தப் பேரைத் தொடவேண்டாம் என்று மனேச்சர் சொன்னார். மூன்றாவது இடம் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு கிழவருக்கு. அவர் பிறகு செத்துப்போனார். கதைத்தவர்களுக்கும் ஆள் வைத்துக் கதைத்தவர்களுக்கும் இடம் கிடைத்தது. கதைக்காதவர்கள் முப்பத்தெட்டுப் பேர்.

பதிவுப் புத்தகத்தில் சிவப்பு மையால் அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்தேன். பட்டியலை நான் எழுதினேன், நானும் மனேச்சரும் கையெழுத்து வைத்தோம். லொறிச் சாரதியிடம் கொடுத்துவிட்டோம். இருநூற்றுப் பதினேழாம் இலக்கம் யூலிற்றாவுக்குப் போனது. நாயாற்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன் எழும்பி வந்த மீன்பிடிக் குடும்பம். புருசன் இன்னாசித்தம்பிக்கு ஒரு கால் இல்லை. ஏழு மாதம் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வந்து வரிசைக்கு வெளியே நின்ற மனுசி. அட்டையை வாங்கி நெற்றியில் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டா. எனக்கும் சந்தோசமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அதற்குப் பிறகு வந்த மூன்றாவது செவ்வாய்க்கிழமை பேச்சியம்மா அக்கா வந்தா.

வரிசையில் நிற்காமல் பக்கத்தால் வந்தா. வரிசையில் நின்ற ஒருத்தி, பின்னால் வா, இது உங்கட தோட்டமில்லை என்றாள். அக்கா அதைக் கவனிக்கவில்லை. ஆள் பாதியாகியிருந்தா. சேலைத் தலைப்பில் முடிந்திருந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தா. ஓரம் மடியாத, அழுக்குப் படாத அட்டை. சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருப்பா போலிருக்கிறது.

"தம்பி, எங்க பேரு இருக்குல்ல?"

அட்டையைக் கையில் எடுத்தேன். அதையே பதில் என்று நினைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னா. வயல் வேலைக்குப் போன உழவு இயந்திரத்தை வழியில் மறித்து, பெட்டியிலிருந்த ஏழு பேரை ஆமி இறக்கினார்களாம். நாலு பேரை விட்டார்கள். அடையாள அட்டை இல்லாத மூன்று பேரை விடவில்லை. தோட்டத்திலிருந்து வந்த, பிரசா உரிமை இல்லாதவனுக்கு அடையாள அட்டை எங்கே. அன்றிலிருந்து பிள்ளைகளைக் கொட்டிலுக்குள் வைத்துப் படலையைக் கட்டிவிட்டு, விடிய முதல் வெளிக்கிட்டு, காம்ப் காம்பாய்ப் போய் நிற்கிறாவாம். அப்படி ஒருவனைப் பிடிக்கவே இல்லை என்கிறார்கள். போன கிழமைதான் தமிழ் தெரிந்த ஒருத்தன் இரங்கிக் கேட்டானாம், அப்படி ஓர் ஆள் இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று. அக்கா இந்த அட்டையைக் காட்டியிருக்கிறா. இது நடப்பில் இருக்கிற அட்டை என்று கடையில் ஒரு துண்டு எழுதி சீல் குத்திக்கொண்டு வா, பெரியவரிடம் காட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினானாம். வேறு ஒரு கடதாசியிலும் சுடலைமுத்து என்ற பேர் கிடையாது.

"மா எடுக்க வரலைன்னு கோவிச்சுக்காதீங்க," என்றா. "வந்தா அவரு எங்கன்னு கேப்பாங்க. இல்லைன்னா வெட்டிருவாங்க. அதான் வரல. புள்ளைங்க பட்டினி கெடந்தாலும் பரவால்ல, பேரு கெடக்கட்டும்னு இருந்தேன்."

பின்னால் மனேச்சர் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மாவும் சீனியும் தாறன் அக்கா, கொண்டு போங்க," என்றேன்.

"எனக்கு மா வேணாந் தம்பி. பேரு இருக்குன்னு ஒரு துண்டு குடுங்க போதும்."

பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று தெரியாது. அக்காவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் சிவப்புக் கோடு எல்லோருக்கும் விளங்கும். கணக்கப்பிள்ளைமாரின் புத்தகத்தில் எவ்வளவு கண்டிருப்பா.

"யாரு வெட்டுனது?"

"நாந்தான்."

சத்தம் போடவில்லை, அழவில்லை. "நீங்க நம்ம ஆளுதானே தம்பி," என்றா. குற்றம் சொல்வதுபோல இல்லை. ஏதோ தனக்குத்தான் விளங்கவில்லை என்பதுபோலக் கேட்டா. நான் புத்தகத்தை மூடினேன்.

வரிசையில் மூன்றாவது ஆளாக யூலிற்றா நின்றுகொண்டிருந்தா. கையில் இருநூற்றுப் பதினேழு. எங்கள் கதை முழுக்க அவவுக்குக் கேட்டிருக்கும். அட்டையை மெல்லச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மூன்று பேருக்குப் பின்னால் போய் நின்றா. அவவையும் பிழை சொல்ல ஏலாது.

சனம் போன பிறகு மனேச்சரிடம் கேட்டேன். ஒரு துண்டுதானே, சுடலைமுத்து இங்கே இருந்தவர், இன்ன தேதிவரை மா எடுத்தவர் என்று எழுதிக் கொடுப்போம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நடப்பிலை இருக்கு எண்டு எப்பிடி எழுதுறது? பட்டியல் பெரிய சங்கத்துக்குப் போயிட்டுது. அதிலை என்ரை கையெழுத்து, உம்மடை கையெழுத்து. ஆமி வந்து புத்தகத்தைப் பாத்தா, வெட்டின பேருக்கு ஏன் சீல் குத்தினனீ எண்டு என்னைத்தான் பிடிச்சு ஏத்துவான். எனக்கும் பிள்ளையள் இருக்கு, சிவராசா."

"பதினாறு எண்டு வச்சிருந்தா..." என்று தொடங்கினேன்.

"பன்னிரண்டு எண்டது நீர்," என்றார். கோபமாக இல்லை. உண்மையைத்தான் சொன்னார்.

பேரைத் திருப்பிச் சேர்க்கக் கேட்டு பெரிய சங்கத்துக்கு எழுதினேன். ஐந்து கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. நீக்கப்பட்ட அட்டையைப் புதுப்பிக்கலாம், ஆனால் குடும்பத் தலைவர் நேரில் வந்து கையொப்பம் இடவேண்டும். மனேச்சர் அதை வாசித்துவிட்டு மடித்து அலுமாரிக்குள் வைத்தார். சீல் கட்டையும் அதே அலுமாரிக்குள்தான் இருந்தது. அலுமாரிப் பூட்டின் திறப்பு அவருடைய இடுப்பில் தொங்கும். ஒரு மத்தியானம் அவர் திறப்பை மேசையில் விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். வேண்டுமென்றே விட்டாரோ தெரியாது. நான் திறப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் கழுவி வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை எடுக்கவில்லை.

சீல் இல்லாமல் என் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். சுடலைமுத்து என்பவரை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும், இன்ன கடையில் என்னோடு மூடை இறக்கியவர் என்று. அக்கா அதைக் கொண்டுபோனா. தமிழ் தெரிந்த ஆள் மாறிப்போயிருந்தானாம். புதிதாக நின்றவன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சீல் எங்கே என்று மட்டும் கையால் குத்திக் காட்டினானாம்.

மாசி மாதம் ஒரு இலக்கம் வெறுமையானது. அதைப் பேச்சியம்மா பேரில் பதிந்து தருகிறேன் என்று கொட்டிலுக்குப் போய்ச் சொன்னேன். பிள்ளைகள் மூன்றும் வாசலில் இருந்தன, கால்கள் குச்சி குச்சியாக. தன் பேரை எழுதினால் அவர் பேர் இல்லை என்று தானே சொன்னதாகிவிடும் என்றா அக்கா. வேண்டாம் என்றா. பிள்ளைகளைக் காட்டிக் கேட்டேன். ஆண்டியப்பன் வீட்டில் கொஞ்சம் கொடுக்கிறார்களாம். அது காதில் விழுந்த ஆண்டியப்பன் வேலிக்கு அப்பால் நின்று, தலையைக் குனிந்துகொண்டு விறகு பிளந்தான்.

இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் அக்கா வருகிறா. வரிசையில் நிற்பதில்லை. படிக்குப் பக்கத்தில், அண்ணன் மூடையை மாற்றி வாங்குகிற அந்த இடத்தில் நிற்பா. ஒன்றும் கேட்பதில்லை. கொட்டுண்ட மாவைக் கூட்டிக் கட்டிக் கொடுத்தால் வாங்குவா, அது அவருடைய கூலி என்று. லொறி வந்தால் நான் தனியே இறக்குகிறேன். படியில் ஏறும்போது நாரி பிடிக்கிறது. நான் பிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

சுடலைமுத்து அண்ணனுக்கு நான் ஒரு பேர் கடன். பதிவுப் புத்தகத்தில் இருநூற்றுப் பதினேழாம் இலக்கத்தில் இருந்த பேர். அதை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.